குழந்தை அறை என்று எழுதிய பெட்டி

நாகூர்
12 ஜூலை 2024

மதிப்பிற்குரிய ஹரிஹரசுப்ரமணியன் அவர்களுக்கு,

நாகூரிலிருந்து கமருன்னிஸா எழுதிக்கொள்வது. நீங்கள் யாரோ, நாங்கள் யாரோ. ஆனாலும் உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே தொடங்குகிறேன். ஏனென்றால் உங்கள் வீடு முழுக்க இப்போது எங்கள் கூடத்தில்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் நெய்னா முகம்மது புனேயில் முப்பது வருஷத்துக்கு மேல் பெட்டி, பை விற்கும் கடை வைத்திருந்தார். கடையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கே வந்துவிடலாம் என்று வீட்டுச் சாமான்களை ஒரு பேக்கர்ஸ் கம்பெனியிடம் ஒப்படைத்தோம். பேச வந்த ஆள் டை கட்டிக்கொண்டு என்னமாய்ப் பேசினான்! தனி லாரியாம், ஒரு கரண்டிகூட இடம் மாறாதாம். லாரியும் வந்தது. ஆட்கள் மளமளவென்று இறக்கிவிட்டு, கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வீடு தேடி வந்தவர்களை நிற்க வைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்துப் பார்ப்பது மரியாதையாக எனக்குப் படவில்லை. சோறு போட்டேன், மீன் ஆணம் ஊற்றினேன், கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு பிரித்தால் முதல் பெட்டியில் குத்துவிளக்கு! இவர் என்னைப் பார்க்கிறார், நான் இவரைப் பார்க்கிறேன்.

மேலே ஒட்டியிருந்த எங்கள் பெயர்ச் சீட்டை உரித்தால் அடியில் உங்கள் பெயரும் போபால் முகவரியும் இருந்தன. போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கம்பெனி நம்பர். கூப்பிட்டால் பாட்டு மட்டும் வருகிறது. சென்னையில் இருக்கும் என் மகள் தஹ்மீனா விடாமல் கூப்பிட்டு ஒருத்தனைப் பிடித்தாள். ஓசூர் கிடங்கில் லாரி மாற்றியபோது வடக்கே போவதும் தெற்கே வருவதும் மாறிவிட்டதாம். "பார்க்கிறோம் மேடம்" என்று வைத்துவிட்டானாம்.

எங்கள் சாமான் உங்களிடம் வந்ததா? அவசரமாகக் கேட்கக் காரணம் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு மறதி நோய். பழகின சாமான் கண் முன்னால் இருப்பதுதான் அவருக்கு மருந்து என்று டாக்டர் சொன்னதால், பழைய துடைப்பத்தைக்கூட விடாமல் கட்டி அனுப்பினேன். இப்போது அவருக்கு இது யாரோ ஒருவர் வீடு. மரியாதை தெரிந்த மனிதர் அல்லவா, விருந்துக்கு வந்தவர் போல இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு "போதும் போதும்" என்று கை கழுவிவிடுகிறார். சாயங்காலமானால் செருப்பைப் போட்டுக்கொண்டு, "வா போகலாம், ரொம்ப நேரமாச்சு, அவங்களுக்கும் வேலை இருக்கும்ல" என்கிறார். ஆள் இளைத்துக்கொண்டே போகிறார். எங்கள் கட்டிலும் அவர் சாப்பிடும் நீலப்பூப் பீங்கானும் வந்தால் போதும், இது தன் வீடு என்று தெரிந்துகொள்வார்.

என் போன் நம்பர் கீழே இருக்கிறது. உங்கள் வீட்டு அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
கமருன்னிஸா


போபால்
6 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

நமஸ்காரம். நாங்கள் சௌக்கியம். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். நீங்கள் யார் பெயருக்கு எழுதினீர்களோ, நான் அவர் மனைவி வித்யாலக்ஷ்மி.

உங்கள் சாமான்கள் இங்கே பத்திரமாக இருக்கின்றன. கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். வந்த இடத்தில் வேறு வழி தெரியவில்லை. தவறாக எண்ண வேண்டாம்.

எங்கள் சாமான்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். வேண்டியதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மீதியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். உங்களுடையதை அனுப்புவது எப்படி என்று என் கணவர் விசாரிப்பார்.

போன் நம்பர் எழுதியிருந்தீர்கள். நான் போனில் பேசுவதில்லை. நீங்கள் எழுதினால் நானும் எழுதுகிறேன்.

உங்கள் கணவர் குணமாக வேண்டிக்கொள்கிறேன்.

வித்யாலக்ஷ்மி


நாகூர்
21 ஆகஸ்ட் 2024

அன்புள்ள வித்யாலக்ஷ்மிக்கு,

உன் கடிதம் கண்டு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நீ என்று எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கையெழுத்தைப் பார்த்தால் என் மகள் வயசுதான் இருக்கும். இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. இவர் முழங்கால் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது.

எங்கள் கட்டிலில் படுப்பதற்கு மன்னிப்பு எதற்கு? படுத்துக்கொள், தட்டில் சாப்பிடு. ஆனால் உன் சாமானை யாருக்காவது கொடு என்கிறாயே, அது மட்டும் முடியாது. எங்களுக்கு அமானிதம் என்று ஒன்று உண்டு. அடுத்தவர் பொருள் கைக்கு வந்தால், உரியவர் கேட்டு வாங்கும்வரை அதைத் தன் பொருளைவிடக் கவனமாகக் காக்க வேண்டும். எடுத்து அனுபவிக்கக் கூடாது. உன் தேக்குக் கட்டில் கூடத்தில் நிற்கிறது, நாங்கள் கீழே பாயில்தான் படுக்கிறோம். தஹ்மீனா போனில் கத்துகிறாள். "ஏம்மா, அவங்களே வச்சுக்கச் சொல்லிட்டாங்களே, படுத்தா என்ன?" கோபத்தில் சொன்னதை வாங்கிக்கொண்டு அனுபவிப்பது எனக்குச் சரிப்படாது. நீ கோபத்தில்தான் எழுதியிருக்கிறாய். கம்பெனிக்காரன் மேல் உள்ள கோபத்தைச் சாமான் மேல் காட்டாதே.

ஒரு பெட்டியில் 'குழந்தை அறை' என்று எழுதியிருக்கிறது. பொம்மை, புத்தகம் எல்லாம் இங்கே கிடக்க, பிள்ளை அங்கே என்ன செய்கிறது? பெயர் என்ன? எத்தனையாவது படிக்கிறது? நச்சரிக்கிறதா? அந்தப் பெட்டியை மட்டுமாவது முதலில் அனுப்பி வைக்கட்டுமா?

உன் வீட்டுக்காரருக்கு என் சலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

கமருன்னிஸா


போபால்
20 செப்டம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். சௌக்கியம்.

அவள் பெயர் ப்ரியம்வதா. மூன்றாம் வகுப்பு. அந்தப் பெட்டியை அனுப்ப வேண்டாம். பிரிக்கவும் வேண்டாம். மற்றவற்றை என்ன செய்தாலும் சரி.

எனக்குச் சொந்த ஊர் மயிலாடுதுறை பக்கத்துக் குத்தாலம். என் கணவர் வங்கியில் வேலை. இவ்வளவு தூரத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். ஊரில் எல்லோரும் ஏன் என்று கேட்டார்கள். இங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை.

உண்மையைச் சொன்னால், கம்பெனிக்காரன் மேல் எனக்குக் கோபமே இல்லை. கதவைத் திறந்து உங்கள் சாமான்களைப் பார்த்ததும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன். உங்கள் கட்டிலில்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. அதில் எங்கள் வீட்டு ஞாபகம் எதுவும் இல்லை. இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஐயாவைக் கட்டாயப்படுத்தியாவது சாப்பிட வையுங்கள்.

வித்யா


நாகூர்
9 அக்டோபர் 2024

அன்பு மகள் வித்யாவுக்கு,

உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. வந்ததும் வராததுமாகக் கூடத்து ஓடு ஒழுகி, உன் பெட்டிகள் நாலைந்து நனைந்துவிட்டன. வேறு வழியில்லாமல் பிரித்து, புடவைகளை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்தினேன். அம்சவல்லி என்று பக்கத்து வீட்டுப் பெண், "என்ன ராத்தா, புடவைக் கடை போட்டுட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். குழந்தை அறைப் பெட்டியைப் பிரிக்கவில்லை. அதற்கு முன்னமே ஒழுகாத மூலையில் ஒரு நாற்காலி மேல் தூக்கி வைத்துவிட்டேன், ஒரு சொட்டு விழவில்லை.

இன்னொரு சேதி. சிரிப்பாயோ பயப்படுவாயோ தெரியாது. போன வெள்ளிக்கிழமை நான் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இவர் என்னைக் கோபித்தார். "அந்தப் புள்ளை எவ்வளவு நேரமா பெட்டி மேல உக்காந்திருக்கு, நீ பாட்டுக்கு வேலையைப் பாத்துக்கிட்டு இருக்கியே. தலை பூரா ஈரம். துவட்டி விடு" என்றார். அம்சவல்லி பேத்தி மழையில் ஓடி வந்துவிட்டதோ என்று பார்த்தேன், யாரும் இல்லை. "எந்தப் புள்ளைங்க?" என்றேன். "இந்த வீட்டுப் புள்ளை. நாமதான வந்திருக்கோம்" என்றார்.

இந்த நோயில் இல்லாததெல்லாம் தெரியும் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருக்கிறார். ஆனாலும் ஆயத்துல் குர்ஸி ஓதி நாலு மூலையிலும் ஊதினேன். மத்தியானம் சோறு வைத்தால், "மொதல்ல புள்ளைக்கு வை" என்று தட்டைத் தள்ளிவிட்டார். சரி, மனுஷன் மனசு கோணக் கூடாது என்று பெட்டி பக்கத்தில் ஒரு தட்டு வைத்தேன். கேள் மகளே, அன்றைக்கு அவர் தட்டு நிறையச் சாப்பிட்டார்! அவருக்குத் துணை சேர்ந்துவிட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டு, "அது மீன் வேணாம்ங்குது, வேற கொடு" என்றார். உன் சாமான் ஐயர் வீட்டுச் சாமான் என்று அவருக்கு எங்கோ மனதில் பதிந்திருக்கிறது போல.

லாரி விஷயம் என்ன ஆயிற்று? ப்ரியம்வதாவுக்கு என் முத்தம்.

பெற்ற உம்மா மாதிரி நினைத்துக்கொள்,
கமருன்னிஸா


போபால்
18 அக்டோபர் 2024

அம்மா,

கடிதம் நேற்று கிடைத்தது. உடனே எழுதுகிறேன்.

தலை ஈரம் என்று அவராகவே சொன்னாரா? குத்தாலத்தில் யாரிடமாவது எங்கள் வீட்டைப் பற்றி விசாரித்தீர்களா? கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுபடி தெரிந்தாளா? என்ன செய்கிறாள்? அழுகிறாளா? யாரையாவது தேடுகிறாளா? அவரிடம் மெதுவாகக் கேட்டு, அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

தயிர் சாதம் வைத்துப் பாருங்கள். தாளித்து.

லாரிக்குக் கொஞ்ச நாள் போகட்டும். அந்தப் பெட்டியை இருக்கும் இடத்திலிருந்து நகர்த்தாதீர்கள்.

வித்யா


நாகூர்
16 நவம்பர் 2024

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் நலம் விசாரிப்பே இல்லையே, அங்கே எல்லோரும் சுகம்தானே? நான் யாரிடம் போய் விசாரிப்பேன்? எனக்குக் குத்தாலத்தில் ரயிலிலிருந்து எட்டிப் பார்த்ததற்கு மேல் பழக்கம் இல்லை.

நீ சொன்னபடி தயிர் சாதம் வைத்தேன். மீன் படாத புதுச் சட்டி வாங்கி, கடுகு தாளித்துக் கொட்டி, பெட்டி பக்கத்தில் வைத்தேன். இவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். சிரித்து எவ்வளவு காலமாயிற்று! "என்னங்க?" என்றேன். "கடுகை ஒண்ணொண்ணாப் பொறுக்கி தட்டு ஓரத்துல வைக்குது பாரு. நம்ம தஹ்மீனாவை மிஞ்சிடும் போலிருக்கே" என்றார். அழவில்லையாம். வாசல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறதாம். "அவங்கம்மா வர நேரம்" என்கிறார். நான் சோற்றை எடுக்கும்போது அப்படியேதான் இருந்தது. கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஆனால் மகளே, இனி என் கவலையைக் கேள். இவருக்கு மழைக் குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது. பாயில் படுத்து எழுந்திருக்க முடியவில்லை. கை கொடுத்துத் தூக்கினால், "அடுத்தவங்க வீட்ல இப்படிப் படுத்துக் கெடக்குறது அசிங்கம், என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ கமரு" என்று அழுகிறார். உன் கட்டிலிலாவது படுங்கள் என்று அமானிதத்தையும் மீறிச் சொல்லிப் பார்த்தேன். "கேக்காம எப்படிப் படுக்குறது?" என்று மறுத்துவிட்டார்.

தஹ்மீனா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்று மிரட்டியதில் கம்பெனிக்காரன் இறங்கி வந்துவிட்டான். ஒரே லாரி இங்கே வந்து உன் சாமானை ஏற்றிக்கொண்டு போபால் வரும். அதை இறக்கிவிட்டு எங்கள் சாமானோடு திரும்பும். இரண்டு வீட்டாரும் சம்மதம் சொல்ல வேண்டுமாம். நாங்கள் சொல்லிவிட்டோம். உன் வீட்டுக்காரர், "என் மனைவியைக் கேட்டுச் சொல்றேன்" என்றாராம். ஒரு வார்த்தை சரி என்று சொல். இவர் தன் கட்டிலில் ஒரு முறை படுக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

பதிலை எதிர்பார்த்துக்கொண்டு,
கமருன்னிஸா


போபால்
20 டிசம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். ஒரு மாதமாக இதை எழுதி எழுதிக் கிழித்தேன்.

ப்ரியம்வதா இல்லை. போன வருஷம் ஆடிப் பதினெட்டு அன்று போய்விட்டாள். காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. என் நாத்தனார் வீட்டுப் பிள்ளைகளோடு படித்துறைக்குப் போனாள். நான் வீட்டில் சித்ரான்னம் கலந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. புளிக் கையோடு எடுத்தேன். அதற்குப் பிறகு நான் போனை எடுப்பதில்லை.

அவளைக் கொண்டுவந்தபோது எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் விடவில்லை. அவள் தலையைத் துடைக்கக்கூட விடவில்லை அம்மா. ஈரத்தோடேயே போனாள்.

மூன்றாம் வகுப்பு என்று எழுதினேனே, அது பொய் இல்லை. அவள் மூன்றாம் வகுப்பிலேயேதான் இருக்கிறாள்.

அவள் கடுகு பொறுக்குவது எனக்கும் இவருக்கும் மட்டும் தெரியும். அதற்காக எத்தனை நாள் திட்டியிருக்கிறேன். உங்கள் கடிதத்தை இவரிடம் காட்டினேன். படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

லாரி வந்து பெட்டிகளை ஏற்றினால் அவள் எங்கே போவாள் என்று பயமாக இருந்தது. இங்கே வருவாளா, வழியில் தொலைந்துபோவாளா? அந்தக் கம்பெனிக்காரனை நம்பி எப்படி அனுப்புவது? அதனால்தான் சம்மதம் சொல்லவில்லை. ஐயா பாயில் கிடந்து அழுகிறார் என்று நீங்கள் எழுதியதைப் படித்தும் சும்மா இருந்தேன். என் பெண்ணைக் கண்ணால் பார்க்கிற ஒரே மனிதர் அவர், அவருக்கே இதைச் செய்தேன்.

இப்போது சரி என்று சொல்கிறேன். இவர் நாளைக்கே கம்பெனிக்குப் போன் செய்கிறார். ஐயா தன் கட்டிலில் படுக்கட்டும். பெட்டியை ஏற்றும்போது மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு ஏற்றச் சொல்லுங்கள்.

வித்யா


நாகூர்
12 ஜனவரி 2025

என் மகள் வித்யாவுக்கு,

உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் இறைவன் பொறுமையைக் கொடுக்கட்டும். உன் கடிதத்தை அம்சவல்லிதான் வாங்கிவந்து கொடுத்தாள். ஈரத் தலையைப் பற்றி விளையாட்டாக எழுதினேனே, நீ எப்படித் துடித்திருப்பாய்! தெரியாமல் செய்ததை மன்னித்துவிடு.

லாரிக்கு இப்போது அவசரம் இல்லை மகளே. பங்குனி, சித்திரை ஆகட்டும். எங்கள் சாமான் அங்கேயே இருக்கட்டும், அந்தக் கட்டிலில் நீ தூங்கு. நான் வெளியே எங்கும் போவதில்லை. இந்தக் கடிதத்தையும் அம்சவல்லிதான் தபாலில் போடுவாள். நீ எதையாவது மனதில் போட்டுக்கொண்டு குமைய வேண்டாம். உன்னால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இதை நான் சொன்னால் நம்பு.

பிள்ளை சுகமாக இருக்கிறாள். முன்பெல்லாம் என் கண்ணுக்குத் தெரியவில்லை, இப்போது தெரிகிறது. அஸர் தொழுகைக்குப் பிறகு வெயில் சாய்ந்து கூடத்துக்குள் வரும்போது பெட்டி மேல் உட்கார்ந்து காலை ஆட்டுகிறாள். தயிர் சாதம் தினமும் வைக்கிறேன். நேற்று தாளிக்காமல் வைத்தேன், கடுகு பொறுக்கும் வேலையாவது மிச்சமாகட்டும் என்று. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பொறுக்குவதுதான் விளையாட்டு போல. இன்று தாளித்துவிட்டேன். இங்கே தனியாக இல்லை அவள், நான் இருக்கிறேன். நானும் தனியாக இல்லை.

உடம்பைக் கவனித்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உம்மா


போபால்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. காலை ஆட்டுகிறாள் என்றீர்களே, எந்தக் கால்? வலது காலைத்தான் ஆட்டுவாள். மேஜைக்கு அடியில் இவரை உதைத்துக்கொண்டே இருப்பாள்.

ஐயாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. இருமல் நின்றதா? கட்டிலுக்காக அவ்வளவு கெஞ்சினீர்கள், இப்போது அவசரம் இல்லை என்கிறீர்கள். லாரி தயார், நாகூர் வீட்டில்தான் வேண்டாம் என்கிறார்கள் என்று கம்பெனிக்காரன் இவரிடம் சொன்னானாம். எனக்காக ஐயாவைத் தவிக்க விடுகிறீர்களா? அப்படியானால் அது வேண்டாம் அம்மா.

என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள் வித்யா


நாகூர்
24 பிப்ரவரி 2025

திருமதி வித்யாலக்ஷ்மி அவர்களுக்கு,

கமருன்னிஸாவின் மகள் தஹ்மீனா எழுதுகிறேன். உம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை எழுத உட்கார்ந்தபோது எனக்கு உங்கள் மேல் அவ்வளவு கோபம் இருந்தது.

என் வாப்பா டிசம்பர் முதல் வாரத்தில் மவுத்தாகிவிட்டார். நெஞ்சுச் சளி. கடைசிவரை பாயில்தான் படுத்திருந்தார். நீங்கள் சம்மதம் எழுதிய கடிதம் வந்தபோது அவரை அடக்கம் செய்து பல நாளாகியிருந்தது.

உம்மா இத்தாவில் இருக்கிறாள். கணவர் இறந்தால் எங்கள் பெண்கள் குறிப்பிட்ட காலம் வீட்டை விட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன் வராமல் இருப்பார்கள். லாரி ஆட்கள் உள்ளே வரக் கூடாது என்று அவள் சொன்னதற்கு நான் அதைத்தான் காரணமாக நினைத்தேன். போன வாரம் உங்கள் கடிதங்களைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. "வாப்பா போனதை ஏம்மா அவங்களுக்கு எழுதலை?" என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு ஏற்கெனவே ஒரு மவுத்தைச் சுமக்குறா. இன்னொண்ணையும் அவ தலையில ஏத்தணுமா?" என்றாள். "அப்ப புள்ளையைப் பத்தி எழுதினது பொய்தானே?" என்றேன். "நான் ஏண்டி பொய் எழுதணும்? அதோ உக்காந்திருக்கா, பாரு" என்றாள்.

எனக்கு யாரும் தெரியவில்லை. நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள், இதற்கெல்லாம் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். ஆனால் நேற்று கூட்டிப் பெருக்குவதற்காக அந்தப் பெட்டியை இழுத்தேன். உம்மா பதறி, "மெதுவாடி, புள்ளை தூங்குது" என்றாள். நான் இழுப்பதை நிறுத்தினேன். பெருக்காமலே விட்டுவிட்டேன்.

இத்தா முடிந்ததும் உம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போக வேண்டும். இங்கே தனியாக விட முடியாது. அவள் வர மாட்டேன் என்கிறாள். "அவங்கம்மா வந்து கேக்குறவரைக்கும் நான் எப்படி விட்டுட்டு வர்றது? அமானிதம்" என்கிறாள். சாமான்கள் எப்படியோ போகட்டும். கட்டில் இனி யாருக்கு? நீங்கள் பெண், இத்தாவிலும் உள்ளே வரலாம். வந்து உங்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு போங்கள்.

தஹ்மீனா


போபால்
8 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். நலமா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. தஹ்மீனா எழுதிவிட்டாள், அவளைத் திட்டாதீர்கள்.

எனக்கு உங்கள் மேல் கோபம் அம்மா. ஐயா போனதை மறைத்து, எனக்குத் தயிர் சாதம் பற்றி எழுதினீர்கள். அவள் காலை ஆட்டுவதைப் பற்றிக் கேட்டு நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்திலேயே மூன்று நாள் அழுதேன். ஐயாவுக்காக அழுதேன். அவளுக்காக ஒரு முறைகூட நான் வாய்விட்டு அழுததில்லை, கூடவே அதையும் அழுதேன். இவர் கதவைச் சாத்திக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

உங்கள் கட்டிலைத் துடைத்துச் சுவர் ஓரமாக நிறுத்திவிட்டோம். இனி அதில் படுக்க எனக்கு மனம் வராது. சாமான்கள் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், கம்பெனியோடு இவர் பேசிக்கொள்வார். நாங்கள் இருவரும் வரும் புதன்கிழமை ரயில் ஏறுகிறோம். மயிலாடுதுறையில் இறங்கி நேரே நாகூர் வருகிறோம். குத்தாலம் போகவில்லை. இவர் வாசலில் நிற்பார், நான் உள்ளே வருகிறேன்.

வந்து என்ன செய்யப் போகிறேன் என்று இவர் கேட்டார். அவளை அழைத்துவரவா என்று கேட்டார். அது முடியுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். எல்லோருக்கும் போன் வந்தது, எல்லோரும் வந்தார்கள், எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். அவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அம்மா வர நேரம் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தனக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது.

நான் வரும்வரை நீங்கள் எதுவும் சொல்லிவிட வேண்டாம். பயந்துபோவாள். நான்தானே அவள் அம்மா, நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் மகள்,
வித்யா